நெடுஞ்சாலைக்கு மேலுள்ள தளர்ந்த பாறைச் சரிவு: முழு முகத்தையும் ஷாட்கிரீட்டால் மூடுவது சரியா?

மலைவழி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். மலைப்பாதையாகச் செல்லும் ஒரு நெடுஞ்சாலையின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் சிவில் பொறியாளன் நான். மண்வேலையும் தார்ச்சாலையும் எனக்குப் பழக்கமானவை. பாறை இயக்கவியலைக் கல்லூரியில் ஒரு பருவம் படித்ததோடு சரி. ஆகவே இத்துறையில் கைபட வேலை செய்தவர்களிடம் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்திடுவது என்று முடிவு செய்து இங்கே எழுதுகிறேன்.

சாலையை அகலப்படுத்தியபோது வெட்டப்பட்ட பாறை முகம் 220 மீட்டர் நீளமும், மிக உயர்ந்த இடத்தில் 35 மீட்டர் உயரமும் உடையது. முகத்தின் சாய்வு ஏறத்தாழ 70 பாகை. பாறை கெட்டியானது, சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிறது. ஆனால் அதில் மூன்று திசைகளில் பிளவுகள் ஓடுகின்றன. சென்ற மழைக்காலத்தின் கடைசி வாரத்தில், மழை விட்டு இரண்டு நாள் கழித்து, பீரோ அளவுள்ள ஒரு துண்டு சரிந்து சாலையின் ஒரு தடத்தை அடைத்தது. விடியற்காலை என்பதால் யார் மேலும் விழவில்லை. அதே நேரத்தில் பள்ளிப் பேருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

கம்பி வலை கட்டி, 100 மில்லிமீட்டர் தடிப்பில் முகம் முழுவதையும் ஷாட்கிரீட்டால் (காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்டால்) பூசிவிடலாம் என்பது ஒப்பந்ததாரர் கொடுத்துள்ள திட்டம். வேலை விரைவில் முடியும், பார்ப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்பதால் அலுவலகத்தில் பலருக்கும் அது பிடித்திருக்கிறது. எனக்கு ஒரே ஓர் உறுத்தல்: முகத்தின் நடு உயரத்தில் ஒரு பிளவின் வழியாக மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் நீர் கசிகிறது. அதன் மேல் கான்கிரீட்டைப் பூசினால் அந்த நீர் எங்கே போகும்?

பாறைப்பதிவர்:

உங்கள் உறுத்தல் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. அந்த நீர் எங்கும் போகாது, பிளவுக்குள்ளேயே ஏறும். மழை பெய்துகொண்டிருந்தபோது விழாத துண்டு, மழை விட்டு இரண்டு நாள் கழித்து விழுந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே விழுந்த நீர் பிளவுகளின் வழியே இறங்கி, வெளியேறும் வேகத்தை விட வேகமாகச் சேர்ந்து, அழுத்தமாக மாறுவதற்கு அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

கெட்டிப் பாறையில் வெட்டிய சரிவு நிற்பதும் விழுவதும் பாறைத்துண்டின் வலிமையைப் பொறுத்தவை அல்ல. துண்டுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளின் திசையையும், அவற்றில் உள்ள நிரப்புப் பொருளையும், நீரையும் பொறுத்தவை. கார்ல் டெர்சாகி 1962-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஆகவே சுத்தியல் கணீரென்று ஒலிப்பது நல்ல செய்திதான் என்றாலும், அது துண்டைப் பற்றிய செய்தியே தவிர சரிவைப் பற்றிய செய்தி அல்ல.

முதலில் பிளவுகளை அளவிடுங்கள். ஒவ்வொரு பிளவுத் தொகுதிக்கும் சாய்வுக் கோணம், சாய்வுத் திசை, பிளவுகளுக்கிடையே உள்ள இடைவெளி, ஒரு பிளவு எவ்வளவு நீளம் தொடர்கிறது, அதன் முகம் சொரசொரப்பானதா வழவழப்பானதா, உள்ளே களிமண் இருக்கிறதா, ஈரமா ஒழுக்கா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றைக் கோளப் படத்தில் (தளங்களின் திசையையும் சாய்வையும் ஒரே வட்டத்துக்குள் காட்டும் படம்) இட்டுப் பார்த்தால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும். ஒரு தளம் சாலையை நோக்கிச் சாய்ந்து, முகத்தின் சாய்வை விடக் குறைவாகவும் உராய்வுக் கோணத்தை (உராய்வால் மட்டும் துண்டு நழுவாமல் நிற்கக்கூடிய மிக அதிகச் சாய்வை) விட அதிகமாகவும் இருந்து, அதன் திசை முகத்தின் திசையிலிருந்து ஏறத்தாழ 20 பாகைக்குள் இருந்தால் அது தளச் சறுக்கல். இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோடு சாலையை நோக்கி இறங்கினால் அது ஆப்புச் சறுக்கல். செங்குத்தான பிளவுகள் மலைக்குள் சாய்ந்து, பாறை புத்தக அடுக்கைப்போல் நின்றால் அது கவிழ்தல். இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. எது நடக்கிறது என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சைப் பூசுவதை நான் ஏற்கமாட்டேன்.

மலைவழி:

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி ஒரு வாரம் முகத்தின் அடிவாரத்திலும் இரண்டு இடங்களில் மேலிருந்தும் அளந்தேன். சாலையை நோக்கிச் சாயும் தொகுதியின் சாய்வு சராசரி 35 பாகை. அதன் திசை முகத்தின் திசையிலிருந்து 10 பாகைக்குள்தான் விலகியிருக்கிறது. கசிவு வரும் பிளவும் இந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதான். விழுந்த துண்டின் அடிமுகத்தைப் பார்த்தேன். சொரசொரப்பாக இருக்கிறது, களிமண் இல்லை. உராய்வுக் கோணத்தை 40 பாகை என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் 35 பாகைத் தளத்தில் துண்டு தானாக நிற்க வேண்டுமே?

பாறைப்பதிவர்:

உலர்ந்திருந்தால் நிற்கும். அந்த "இருந்தால்" எவ்வளவு கனமானது என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன்.

சாலையின் நீளவாக்கில் ஒரு மீட்டர் அகலமுள்ள பட்டையை எடுத்துக்கொள்வோம். சறுக்கு தளத்தின் நீளம் 10 மீட்டர், அதன் மேலுள்ள பாறையின் தடிப்பு சற்றேறக்குறைய 3.8 மீட்டர் என்றால் எடை சுமார் 1,000 கிலோநியூட்டன். தளத்தின் வழியே இழுக்கும் விசை 574, தளத்தை அழுத்தும் விசை 819. ஒட்டுத்தன்மை எதுவும் இல்லை என்று கொண்டால், 819-ஐ 40 பாகையின் டான் மதிப்பாகிய 0.839-ஆல் பெருக்கி 574-ஆல் வகுக்க, பாதுகாப்புக் காரணி, அதாவது தாங்கும் விசைக்கும் இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 1.20 வருகிறது; அது 1-க்குக் கீழே போனால் துண்டு நழுவும். நிற்கிறது.

இப்போது அந்தப் பிளவில் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயர நீரழுத்தம் மட்டும் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோநியூட்டன்; 10 மீட்டர் நீளத்துக்கு 150 கிலோநியூட்டன் மேல்நோக்கித் தூக்குகிறது. அழுத்தும் விசை 669 ஆகக் குறைகிறது. காரணி 0.98. துண்டு போய்விட்டது. பாறை மாறவில்லை, கோணம் மாறவில்லை, ஒன்றரை மீட்டர் நீர் மட்டுமே மாறியிருக்கிறது.

இதில் மேலேயுள்ள இழுவிசைப் பிளவை நான் சேர்க்கவே இல்லை. முகத்தின் உச்சிக்குப் பின்னால் செங்குத்தான பிளவு ஒன்று திறந்திருந்து அதில் நீர் நிறைந்தால், பக்கவாட்டில் தள்ளும் விசை ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும்: 4 மீட்டர் ஆழ நீருக்கு மீட்டருக்கு 78 கிலோநியூட்டன், 8 மீட்டருக்கு 314. ஆகவே உச்சிக்கு ஏறிப் புதர்களை விலக்கி, அப்படிப் பிளவு இருக்கிறதா என்று பார்த்தீர்களா என்பதே என் அடுத்த கேள்வி.

கயிற்றாள்:

நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கயிற்றில் இறங்கித் தளர்ந்த கற்களைத் தள்ளும் வேலை செய்கிறேன். கணக்கு எனக்கு வராது. ஆனால் கீழிருந்து அளந்ததை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. கீழிருந்து பார்க்கும்போது ஒட்டியிருப்பதாகத் தெரியும் கல், பக்கத்தில் தொங்கிப் பார்க்கும்போது பின்னால் கை நுழையும் அளவுக்குப் பிரிந்திருக்கும். கடப்பாரையால் தட்டினால் உறுதியான பாறை கூர்மையாக ஒலிக்கும். பிரிந்த பாறை பானையைத் தட்டியதுபோல் பொத்தென்று ஒலிக்கும். அந்தச் சத்தத்தை லேசரால் அளந்து எடுக்கும் லைடார் படம் காட்டாது.

ஸ்கேலிங் என்னும் இந்தக் கல் தள்ளும் வேலையை எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் செய்ய வேண்டும். தன் தலைக்கு மேல் ஒரு தளர்ந்த கல்கூட இல்லை என்று உறுதியான பிறகே ஆள் கீழே நகர வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் தொங்கக்கூடாது. கடப்பாரைக்கு அசையாத பெரிய துண்டுகளுக்குப் பின்னால் காற்றுப்பை வைத்து ஊதித் தள்ளுவோம். அப்போது சாலை முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். விழும் கல் தார்ப்பரப்பைக் குழியாக்கிவிடும் என்பதால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மண்மெத்தை போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. முகத்தில் மரங்கள் இருந்தால் சொல்லுங்கள். காற்றடிக்கும்போது மரம் ஆடும், வேர் நெம்புகோலாக மாறிப் பிளவைத் திறக்கும். மரத்தை வெட்டுவது மட்டும் போதாது; வேர் அழுகிய பிறகு அந்த வழியே நீர் இறங்கும். ஆகவே வேர் பிடித்திருந்த துண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மலைவழி:

உச்சிக்குச் சென்று பார்த்தோம். முகத்தின் விளிம்பிலிருந்து 4 மீட்டர் பின்னால், 30 மீட்டர் நீளத்துக்கு, இலைச்சருகு மூடிய ஒரு பிளவு இருக்கிறது. அகலம் சில இடங்களில் ஒரு விரல், சில இடங்களில் நான்கு விரல். கசிவு வரும் பகுதிக்கு நேர் மேலேதான் அது. மேலும், மலையின் மேற்பகுதியிலிருந்து வரும் சிற்றோடை ஒன்று மழைக்காலத்தில் அந்தப் பிளவை நோக்கித்தான் வழிகிறது. இதைப் பார்த்த அன்றே அலுவலகத்தில் சொல்லி ஷாட்கிரீட் திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாறைப்பதிவர்:

அப்படியானால் முதல் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சிற்றோடையைப் பிளவுக்கு மேலேயே ஒரு பூச்சு வாய்க்காலால் திருப்பிவிடுங்கள். பிளவின் வாயை நீர் புகாதபடி மூடுங்கள். ஆனால் பிளவின் அடி வரை கான்கிரீட் ஊற்றி நிரப்பாதீர்கள், வடியும் வழியையும் அடைத்துவிடுவீர்கள்.

பிளவின் இருபுறமும் ஆணி அடித்து இடைவெளியை அளக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முடிந்தால் விடியலில், அளக்க வேண்டும். வெயிலில் பாறை விரிவதையே நகர்வு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு. நகர்வு வேகமெடுத்தால், வேகத்தின் தலைகீழ் மதிப்பைக் காலத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். அந்தக் கோடு சுழியத்தைத் தொடும் நாள் சரிவு விழும் நாளுக்கு அருகில் இருக்கும் என்பது ஃபுகுசோனோ 1985-இல் முன்வைத்த முறை. பெரிய, மெதுவாக நகரும் சரிவுகளுக்கு அது பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் ஒற்றைக் கல் விழுவதை அது சொல்லாது. முன்னறிவிப்பே இல்லாமல் விழுவதுதான் சிறு கற்களின் இயல்பு.

வலைத்தடுப்பு:

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் தடுப்பு வலைகளை வடிவமைப்பவன் என்பதால் கொஞ்சம் மாறுபட்ட பார்வையை வைக்கிறேன். 220 மீட்டர் முழுவதையும் போல்ட் (பாறைக்குள் துளையிட்டுப் பதிக்கும் எஃகுக் கம்பி) அடித்து நிறுத்த முடியாது, தேவையும் இல்லை. 30 மீட்டர் நீளத்துக்குப் பெரிய சறுக்கல் இருக்கிறது என்றால் அதை நிறுத்தியே ஆக வேண்டும். எந்த வலையும் அதைத் தாங்காது. மீதி 190 மீட்டரில் தனிக்கற்கள் விழுவதுதான் ஆபத்து என்றால், விழட்டும், சாலையை எட்டாமல் பார்த்துக்கொள்வோம் என்ற வழியும் உண்டு.

ஆனால் எவ்வளவு பெரிய கல் என்பதை முதலில் சொல்லுங்கள். 25 மீட்டர் உயரத்திலிருந்து தங்குதடையின்றி விழும் 30 சென்டிமீட்டர்க் கனசதுரக் கல் 70 கிலோ எடையுடன் 17 கிலோஜூல் ஆற்றலைக் கொண்டுவரும். ஒரு மீட்டர்க் கல் 640 கிலோஜூல். இரண்டு மீட்டர்க் கல் 5,100 கிலோஜூல். பக்கம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகிறது என்பதால், கல்லின் அளவைத் தவறாக ஊகித்தால் மற்ற எல்லாக் கணக்கும் வீண். ஐரோப்பிய மதிப்பீட்டு முறையில் தடுப்பு வலைகளை 100 கிலோஜூலில் தொடங்கி 4,500-க்கு மேல் வரை வகைப்படுத்துகிறார்கள். உண்மையான கட்டையை உண்மையான வலைமேல் போட்டுச் சோதித்த பிறகே அந்த எண்ணைத் தருவார்கள். பட்டியலில் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல், மோதும்போது வலை எத்தனை மீட்டர் முன்னோக்கிப் பிதுங்கும் என்பதையும் பாருங்கள். சாலை ஓரத்திலிருந்து அவ்வளவு இடம் இல்லையென்றால், கல்லைப் பிடித்தபடியே வலை வாகனத்தின் மேல் மோதும்.

இடம் இருக்குமானால் எனக்கு மிகவும் பிடித்தது அடிவாரப் பள்ளம்தான். வலை விற்பவன் இதைச் சொல்வது விந்தையாக இருக்கலாம், ஆனாலும் அதுதான் உண்மை. 1963-இல் வாஷிங்டன் மாநிலத்தில் ரிச்சி என்பவர் கற்களை உருட்டிவிட்டுப் படமெடுத்து, எந்த உயரத்துக்கும் சாய்வுக்கும் எவ்வளவு அகல ஆழப் பள்ளம் வேண்டும் என்று அட்டவணை போட்டார். ஒரிகான் மாநிலத்தில் பின்னர் 11,000-க்கும் மேற்பட்ட கற்களை உருட்டிச் சோதித்து, 2001-இல் இன்னும் விரிவான வழிகாட்டி வெளியிட்டார்கள். கல் முதலில் விழும் இடம் வேறு, உருண்டு நிற்கும் இடம் வேறு என்பதை அந்தச் சோதனைகள் பிரித்துக் காட்டின. பள்ளத்தின் தரை சாலையிலிருந்து மலையை நோக்கிச் சாய்ந்திருந்தால் உருள்வது வெகுவாகக் குறைகிறது. பள்ளம் துருப்பிடிக்காது, அதில் விழுந்த கல்லை அள்ளினால் போதும்.

மலைவழி:

முகத்துக்கும் சாலை ஓரத்துக்கும் நடுவே இரண்டரை மீட்டர்தான் இருக்கிறது. இடத்துக்காக முகத்தை இன்னும் உள்ளே வெட்டலாமா என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

பாறைப்பதிவர்:

சறுக்கல் இருக்கும் 30 மீட்டரில் அடிவாரத்தைத் தொடவே தொடாதீர்கள். 35 பாகைத் தளம் அங்கே எந்த உயரத்தில் முகத்தை வெட்டி வெளியே வருகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே பாறை இருப்பதால்தான் கீழ்த்தளங்கள் இன்னும் தாங்கப்படுகின்றன. உள்ளே வெட்டினால் இன்னும் ஆழமான தளங்கள் முகத்தில் வெளிப்படும். ஒரு சறுக்கல் இருந்த இடத்தில் மூன்று இருக்கும்.

மற்ற பகுதிகளில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய தவறு திரும்ப வேண்டாம். இந்த முகத்தை முன்பு பெருவெடி வைத்துத் தகர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெடியின் வாயு பாறைக்குள் சில மீட்டர் புகுந்து இயற்கைப் பிளவுகளைத் திறந்துவிடும். இறுதி முகத்தின் கோட்டில், துளை விட்டத்தின் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு இடைவெளியில் வரிசையாகத் துளையிட்டு, குறைந்த மருந்தை வைத்து, முதன்மை வெடிக்கு முன்பே வெடிக்கும் முன்பிளவு முறை இருக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் முகத்தில் துளைகளின் பாதி வட்டத் தடம் வரிவரியாகத் தெரிந்தால் அந்த வேலை நன்றாகச் செய்யப்பட்டது என்று பொருள்.

சாலைக்கணக்கு:

பொறியியல் விடையோடு வாகனக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிதி ஒதுக்கும் மேசையில் அதுதான் பேசும். ஒரிகானில் 1980-களின் இறுதியில் உருவாக்கப்பட்ட கல்வீழ்ச்சி அபாய மதிப்பீட்டு முறையில், சரிவின் உயரம், பள்ளம் கல்லைப் பிடிக்கும் திறன், பிளவுகளின் நிலை, கல்லின் அளவு, நீர், முன்பு விழுந்த வரலாறு ஆகியவற்றோடு, ஓட்டுநர் தடையைக் கண்டு முடிவெடுக்கத் தேவையான தூரம் பார்வைக்குக் கிடைக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மதிப்பெண்கள் 3, 9, 27, 81 என்று மும்மடங்காக ஏறும். மோசமான சரிவு பட்டியலில் தனித்துத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள்.

அதில் ஒரு கணக்கு எளிது. உங்கள் சாலையில் மணிக்கு 350 வண்டிகள் 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 350-ஐ 0.22 கிலோமீட்டரால் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 1.54. அதாவது எந்த நொடியில் பார்த்தாலும் அந்த முகத்தின் கீழே சராசரியாக ஒன்றரை வண்டி இருக்கிறது. விடியற்காலையில் விழுந்தது வெறும் நல்வாய்ப்பு.

பொறுப்பைப் பற்றியும் ஒரு சொல். 1982-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பனிப்பொழிவால் வரிசையில் நின்ற காரின் மேல் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாறை விழுந்தது. ஓட்டியவர் காயமடைந்தார், அவருடைய மகள் இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாறைச் சரிவுகளை ஆய்வு செய்வதென்று முடிவெடுத்த பிறகு, அந்த ஆய்வை எப்படி நடத்துகிறோம் என்பதில் அரசுக்குக் கவனக் கடமை உண்டு என்று 1989-இல் அந்த நீதிமன்றம் கூறி, மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆய்வுக் குறிப்பேட்டைத் தேதியோடு எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது காகிதத்தின் மேலுள்ள ஆசையால் அல்ல. எந்தக் கல் எப்போது அசைந்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரிய வேண்டும்.

துளைக்கருவி:

போல்ட் அடிப்பவன் என்ற முறையில் அந்த 30 மீட்டரைப் பற்றிப் பேசுகிறேன். பாறைப்பதிவர் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். கிடைமட்டத்திலிருந்து 10 பாகை கீழ்நோக்கி மலைக்குள் துளையிட்டு இழுவிசை ஏற்றிய போல்ட் போட்டால், அது 35 பாகைத் தளத்துடன் 45 பாகைக் கோணம் அமைக்கும். அதன் விசையில் ஒரு பங்கு சறுக்கலை நேரடியாக எதிர்க்கும், மறு பங்கு தளத்தை அழுத்தி உராய்வைக் கூட்டும். காரணி 1.5 வேண்டும் என்றால், 150 கிலோநியூட்டன் நீரழுத்தம் அப்படியே இருக்கும் நிலையில், மீட்டருக்கு 181 கிலோநியூட்டன் தேவை. வடிகாலால் அழுத்தத்தைப் பாதியாக்கினால் 143 போதும். முழுவதும் வடித்துவிட்டால் 105. எஃகுக்குச் செலவிடுவதற்கு முன் நீரை வடிக்கும் துளைக்குச் செலவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் வடிகால் எந்நாளும் திறந்திருக்கும் என்று நம்பி 105-க்கு வடிவமைக்காதீர்கள். பாதி அடைபட்ட நிலைக்கே வடிவமைப்பது என் வழக்கம். இழுவிசைப் பிளவில் நிற்கும் நீரின் தள்ளுவிசையையும் உங்கள் வடிவமைப்பாளர் சேர்க்க வேண்டும். நாங்கள் இங்கே போடுவது புரிவதற்கான கணக்குதான்.

இழுவிசை ஏற்றாமல் முழு நீளமும் கிரவுட் செய்த (சிமெண்டுக் கூழால் நிரப்பிய) கம்பியே போதாதா என்று கேட்பார்கள். அது பாறை கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் தாங்கத் தொடங்கும். இறுக்கமான, இன்னும் அசையாத பாறைக்கு அது நல்லது. உங்கள் உச்சியில் நான்கு விரல் பிளவு திறந்திருக்கிறது. தளத்தின் சொரசொரப்பு ஒன்றோடொன்று பூட்டியிருந்த நிலை ஏற்கெனவே ஓரளவு கலைந்திருக்கும். இனி நகரவே விடக்கூடாது. ஆகவே இழுவிசை ஏற்றியவை வேண்டும். 40 பாகை உராய்வைக்கூட நான் ஒருமுறை குறைத்துப் பார்ப்பேன்.

கிரவுட்டைத் துளையின் அடியிலிருந்து குழாய் வழியே ஏற்றுங்கள். வாயில் திரும்பி வழியும் வரை நிறுத்தாதீர்கள். திறந்த பிளவில் கிரவுட் துளையின் கொள்ளளவைப்போல் பல மடங்கு உள்ளே ஓடிவிடும். அங்கே துணி உறை போட வேண்டியிருக்கும். ஒவ்வொரு போல்ட்டையும் வடிவமைப்புச் சுமைக்கு மேல் இழுத்துச் சோதித்து, பிறகு பூட்டுங்கள். நீர் கசியும் பாறையில் எஃகுக்கு இரட்டை அரிப்புக் காப்பு இல்லாமல் போடுவது, இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவருக்கு வைக்கும் பொறி.

வரிசையைப் பற்றி ஒன்று, இதைத் தவறவிட்டவர்கள் பலர்: போல்ட்டுகளின் கிரவுட் இறுகிய பிறகே வடிதுளைகளை இடுங்கள். முன்பே இட்டால் பிளவின் வழியே ஓடிவரும் கிரவுட் அந்தத் துளைகளை நிரப்பிவிடும். நான் முதன்முதலில் மேற்பார்வையிட்ட ஒரு தளத்தில் அப்படித்தான் பதினோரு வடிதுளைகளை இழந்தோம்.

மலைவழி:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்படியானால் ஷாட்கிரீட்டுக்கு இங்கே இடமே இல்லையா?

பாறைப்பதிவர்:

உண்டு, ஆனால் குறைவான இடம். கையளவுத் துண்டுகளாக நொறுங்கும் பட்டைகளிலும், மெல்லிய அடுக்கு அரித்துப்போய் மேலே கெட்டிப் பாறை பால்கனிபோல் துருத்தி நிற்கும் இடங்களிலும் அது நல்ல பாதுகாப்பு. வெயிலும் மழையும் அங்கே உள்ளே புகாமல் தடுக்கும். பெரிய துருத்தலுக்கு அடியில் கான்கிரீட் தாங்குசுவரே கட்ட வேண்டும். 100 மில்லிமீட்டர்ப் பூச்சு, பல டன் எடையுள்ள துண்டை ஒருபோதும் பிடித்து வைக்காது. பூசும் இடத்தில், பூசுவதற்கு முன் பிளவுகளின் வாயில் வடிகுழாய்களை வையுங்கள். பூசிய பிறகு குத்தும் துளை பிளவைத் தவறவிடும். கழுவாத, தூசி படிந்த பாறையில் பூசியது தகடு தகடாகப் பெயர்ந்து, அதுவே விழும் கல்லாகிவிடும்.

இன்னொரு தீங்கை யாரும் பேசுவதில்லை: பூசிய முகத்தில் பிறகு யாரும் எதையும் பார்க்க முடியாது. கசிவும் தெரியாது, புதுப்பிளவும் தெரியாது.

வலைத்தடுப்பு:

மீதி 190 மீட்டருக்கு என் கருத்து: முதலில் கயிற்றாள் சொன்னபடி ஸ்கேலிங். அதன் பிறகு நிற்கும் பெரிய துண்டுகளுக்குத் தனித்தனி போல்ட். பிறகு உச்சியில் நங்கூரமிட்டு முகத்தின் மேல் தொங்கவிடும் கம்பி வலை. அது கல் விழுவதைத் தடுக்காது; கல் வெளியே துள்ளாமல் வலைக்கும் முகத்துக்கும் நடுவே வழிநடத்தி அடியில் இறக்கும். உங்கள் இரண்டரை மீட்டர் அதற்குப் போதும். வலையின் அடியைத் தரையோடு கட்டிவிடாதீர்கள்; கற்கள் பைபோல் சேர்ந்து வலையைக் கிழிக்கும். தரைக்கு ஒரு மீட்டர் அளவு மேலேயே விட்டு, விழுந்ததை அள்ள வழி வையுங்கள். அறுகோண முறுக்குக் கம்பி வலை சிறு கற்களுக்குத்தான். அரை மீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் இருந்தால் வடக்கம்பி வலைக்குப் போங்கள்.

கயிற்றாள்:

வலை போட்ட பிறகு ஸ்கேலிங் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். பாறை ஒவ்வொரு மழையிலும் புதிதாகத் தளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் இறங்கித் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்கான நங்கூரங்களை இப்போதே உச்சியில் பதித்து வைத்தால் அடுத்து இறங்குபவர் உங்களை வாழ்த்துவார்.

சாலைக்கணக்கு:

அலுவலகத்தில் யாராவது "இவ்வளவு வேண்டுமா" என்று கேட்டால் இதைச் சொல்லலாம். 2009 அக்டோபரில் வட கரோலினாவில் பாறைச் சரிவால் மூடப்பட்ட ஐ-40 நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்க ஆறு மாதம் ஆனது. 2006-இல் கலிபோர்னியாவில் யோசெமிட்டிக்குச் செல்லும் 140-ஆம் எண் சாலையைப் புதைத்த ஃபெர்குசன் சரிவை நிறுத்த முடியாமல், ஆற்றின் மறுகரைக்குத் தற்காலிகப் பாலங்கள் போட்டு ஒற்றைத் தடத்தில் வண்டிகளை விட்டார்கள். நிறுத்தக்கூடிய அளவில் இருக்கும்போதே நிறுத்துவது உங்களுக்கு இன்னும் வாய்த்திருக்கிறது.

மலைவழி (ஐந்து மாதம் கழித்து):

வேலை முடிந்த நிலையில் எழுதுகிறேன். ஓடையைத் திருப்பும் வாய்க்கால் முதலில் கட்டப்பட்டது. அந்த ஒன்றிலேயே நடு உயரக் கசிவு பாதிக்கு மேல் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஸ்கேலிங்கில் எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு கல் இறங்கியது. 30 மீட்டர்ப் பகுதியில் இழுவிசை போல்ட்டுகள் அடித்து, அனைத்தையும் இழுத்துச் சோதித்தோம். இரண்டு சோதனையில் தோற்றன, அருகே புதிதாக அடித்தோம். கிரவுட் இறுகிய பிறகு, 5 பாகை மேல்நோக்கி, 14 வடிதுளைகள் இட்டுத் துளையுள்ள குழாய் செருகினோம். ஷாட்கிரீட் நொறுங்கும் இரண்டு பட்டைகளில் மட்டும், வடிகுழாய்களோடு.

நேற்று முதல் பெருமழை பெய்தது. 14 துளைகளில் 9-இல் நீர் வருகிறது. ஒன்றில் வாளி நிறைய 40 நொடிதான் ஆகிறது. ஐந்து உலர்ந்திருக்கின்றன. அவை வீணா?

துளைக்கருவி:

அடைக்காதீர்கள். பிளவில் நீர் ஒரே வழியில் எப்போதும் ஓடாது. இன்று உலர்ந்த துளை அடுத்த ஆண்டு ஓடலாம். உலர்ந்த துளைகளுக்கு நடுவே முகத்தில் ஈரத்திட்டு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், அங்கே துளை பிளவுக்கு இணையாகப் போய் அதைத் தொடாமலே நின்றுவிட்டது என்று பொருள். பிளவைக் குறுக்கே வெட்டும்படி கிடைத்திசையில் சற்றுத் திருப்பி ஒன்று இட்டுப் பாருங்கள்.

மலைவழி:

இன்று காலை பார்த்தேன். எட்டாவது, ஒன்பதாவது துளைகளுக்கு நடுவே ஓர் ஆள் உயர ஈரத்திட்டு இருக்கிறது. இரண்டும் உலர்ந்தவை. துளையிடும் கருவி இன்னும் தளத்திலேயே நிற்கிறது. நாளை கிழக்கே 20 பாகை திருப்பி ஒன்று இடச் சொல்லியிருக்கிறேன். உச்சிப் பிளவின் அளவு மழைக்குப் பிறகும் மாறவில்லை.